இஸ்லாத்தில் ஆடவரும் மகளிரும் தனித்திருத்தல்

படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் அண்டை வீட்டாராகவும் உடன் பணியாளராகவும் வாழ்கின்றனர். இத்தகைய இடங்களில் ஊழியம் செய்வோர், இஸ்லாம் பெண்களை அடைத்து வைக்கும் சமயம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தல் முறையன்று. இப்பொருள்பற்றி இஸ்லாமியரிடையே நிலவும் கருத்துகளை இக்கட்டுரை சுருக்கமாக விளக்க முயல்கிறது.

1. மூலநூல்கள்

பார்வையைத் தாழ்த்திக் கற்பைக் காத்துக்கொள்ளுமாறு குர்ஆன் முதலில் ஆடவருக்கே கட்டளையிடுகிறது (24:30). அடுத்த வசனமே பெண்களை நோக்கியது. திரைக்கு அப்பால் நின்று கேட்கவேண்டும் என்னும் வசனம் (33:53) நபிகள் நாயகத்தின் துணைவியரைக் குறித்தது. அது அவ்வில்லத்திற்கு மட்டுமே உரியதா, பெண்கள் அனைவருக்கும் பொருந்துமா என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர்.

பெண்களைப் பள்ளிவாசலுக்குச் செல்லவிடாமல் தடுக்கலாகாது என்று நபிமொழி கூறுகிறது. மதீனாவில் பெண்கள் ஆடவருக்குப் பின் வரிசைகளில் நின்று தொழுதனர். மக்காவில் கஅபாவை இருபாலாரும் இன்றும் ஒருங்கே வலம் வருகின்றனர்.

2. சட்ட மரபுகள்

சுன்னி மரபின் நான்கு சட்டப் பள்ளிகளும் கூட்டுத் தொழுகையைப் பெண்களுக்குக் கடமையாக்கவில்லை. ஒழுக்கக் குழப்பம் நேருமென்று அஞ்சி, பிற்கால ஹனஃபி அறிஞர் பலர் பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவதை விரும்பவில்லை. அதாவது, நபிமொழி அளித்த அனுமதியைப் பிற்காலச் சூழலைக் காட்டிச் சுருக்கினர். மொராக்கோவின் ஃபாத்திமா மெர்னிஸி போன்றோர் இதனையே கேள்விக்குட்படுத்தினர். மரபைப் பேணுவோரோ, தனித்திருத்தல் பெண்ணின் கண்ணியத்திற்கு அரண் என்பர்.

3. நம் நாட்டில்

காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கெனத் தனித் தைக்காக்கள் உள்ளன. அங்குத் தனித்திருத்தல் பெண்களுக்கே உரிய ஓர் இடத்தை அளித்துள்ளது. புதுக்கோட்டையின் தாவூத் ஷரீஃபா கானம் எழுப்பிய வினாவோ வேறு. மணவிலக்கு, வரதட்சணை முதலிய வழக்குகளை ஆடவர் மட்டுமே அமர்ந்த ஜமாஅத் பள்ளிவாசலில் விசாரிக்கும்போது, பெண்ணின் சொல்லைக் கேட்பவர் யார் என்று அவர் கேட்டார். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெண்கள் ஜமாஅத் உருவானதும், பெண்களுக்கெனப் பள்ளிவாசல் கட்ட அவர் முனைந்ததும் இதனாலேயே.

2019-இல் புனேயைச் சேர்ந்த தம்பதியர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். பெண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழுவதற்குத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் 2020-இல் அந்நீதிமன்றத்தில் தெரிவித்தது. எனினும், இருபாலாரும் கலந்து நிற்றலை அது ஏற்கவில்லை.

ஆகவே, தனித்து அமர்தல் வேறு, விலக்கப்படுதல் வேறு. தனியிடம் பெற்ற பெண் வழிபாட்டிலும் பங்குபெறலாம், தன் வழக்கையும் உரைக்கலாம். விலக்கப்பட்டவளுக்கோ, அவளைக் குறித்த முடிவு மட்டுமே வந்து சேருகிறது. இஸ்லாமியருக்குள் நடைபெறும் விவாதத்தின் உயிர்நிலை இதுவே.

4. திருச்சபையின் சிந்தனைக்கு

நம் ஆலயங்கள் பலவற்றிலும் ஆடவர் ஒரு பக்கமும் மகளிர் மறுபக்கமும் அமர்கின்றனர். முக்காடும் நமக்குப் புதிதன்று. பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் 1 கொரிந்தியர் 11:5 இயல்பாகவே குறிப்பிடுகிறது. அதே நிருபத்தின் 14:34 அவர்களைப் பேசாதிருக்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் இணைத்து வாசிக்க நாமும் நெடுங்காலம் போராடினோம். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976-இல்தான் ஒரு பெண்ணை ஆயராக அருட்பொழிவு செய்தது. அதன் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றது 2013-இல்.

எனவே, அயலாரின் திரையைக் குறித்துப் பிரசங்கிக்குமுன், நம் சேகரக் குழுவில் குடும்ப வழக்கொன்று வரும்போது பெண்ணின் சொல்லைக் கேட்க எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கின்றனர் என்று ஆயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். இஸ்லாமிய நண்பரோடு உரையாடத் தகுந்த தொடக்கம் அதுவே.