வராத பறவைகள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்ற கேள்வி இல்லந்தோறும் எழுகிறது. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்ல வருவாய் இடங்கொடாத குடும்பங்கள், ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்களையே நாடுகின்றன. எங்கள் குடும்பமும் அத்தகையதே.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், செங்கற்பட்டைச் சுற்றியுள்ள மூன்று இடங்களைப் பார்த்துவர முடிவு செய்தோம். காலையில் வேடந்தாங்கல், நண்பகலில் திருக்கழுக்குன்றம், மாலையில் மாமல்லபுரம். ஏரி நிறையப் பறவைகள், சோறுண்ண வரும் கழுகுகள், கடலோரத்தில் ஏழு கோயில்கள் என்று ஒரு வாரமாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவர்களின் ஆவலை வளர்த்திருந்தோம். மூன்று இடங்களிலும் எங்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே. ஆனால், மூன்றும் ஒரே வகையான ஏமாற்றமல்ல என்பது பின்னரே எங்களுக்கு விளங்கியது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வற்றிய ஏரி

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நாங்கள் ஏறி நின்றபோது, எதிரே வெடித்த சேறும், அதன் நடுவே நீர்க்கடம்ப மரங்களும், அவற்றின் கிளைகளில் வெறுமையான கூடுகளுமே தென்பட்டன. சில மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "பறவைங்க எங்கப்பா?" என்று பத்து வயது மகள் கேட்டாள். அவ்வழியே வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மே மாசத்துல வந்து பறவையத் தேடினா எப்படிங்க? தை மாசம் வாங்க" என்றார்.

குறை எங்களுடையதே. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பிய பின், நவம்பர் மாதத்தில் பறவைகள் வரத் தொடங்குகின்றன. கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, கோடை நெருங்க நெருங்க நீங்கிவிடுகின்றன. பள்ளி விடுமுறைக்கு ஏற்றவாறு பறவைகள் தம் நாள்களை வகுத்துக்கொள்வதில்லை. போகும் முன் எவரையேனும் கேட்டிருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திராது.

வெறுமையான பாறை

நண்பகலுக்குள் திருக்கழுக்குன்றம் சேர்ந்தோம். வேதகிரீசுவரர் கோயில் அமைந்த அம்மலைக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. எங்கள் சிறுவயதில் பாட்டனாரின் கைபிடித்து அம்மலையில் ஏறியது இன்றும் நினைவிருக்கிறது. உச்சி வெயில் நேரம். கூட்டம் மூச்சடக்கி வானைப் பார்த்து நின்றது. முதலில் இரு புள்ளிகளாகத் தெரிந்தவை வட்டமிட்டு வட்டமிட்டுப் பாறைமேல் இறங்கின. பூசகர் வைத்த சர்க்கரைப் பொங்கலை உண்டு, மீண்டும் வானில் எழுந்து மறைந்தன. காசியில் நீராடிவிட்டு இங்கே உண்ண வருகின்றன என்பது மக்களின் நம்பிக்கை. ஊருக்கே பட்சி தீர்த்தம் என்ற பெயர் வழங்கியதும் அவற்றால்தான்.

அயல்நாட்டவரும் இம்மலையை நாடி வந்துள்ளனர். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையோரம் வாணிகம் செய்த டச்சுக்காரர்கள், பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தின் கற்களில் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றிருக்கின்றனர்.

அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டுமென்ற ஆசையோடு படியேறினோம். பாறை இருந்தது, பறவைகள் இல்லை. 1998-ஆம் ஆண்டோடு அவற்றின் வருகை நின்றுவிட்டதென்பதை அங்கே சென்ற பிறகே அறிந்தோம். படியோரம் இளைப்பாறிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், மகளின் வாடிய முகத்தைக் கண்டு இரக்கத்தோடு, "கூட்டத்துல பாவி யாராவது இருந்தா அதுங்க வராது கண்ணு. எங்க காலத்துல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொன்னது பழைய வழக்கு. கழுகுகள் என்றேனும் வராது போனால், கூடியிருந்தோருள் எவரோ பாவி என்று கூறுவது அக்காலத்தில் உண்டு. ஆனால் எங்கள் மகள் அதன்பின் வாய்திறக்கவில்லை. பாதி மலை இறங்கிய பிறகு, தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா, காலையில நான் தம்பியக் கிள்ளிட்டேன். அதனாலதான் கழுகு வரலையா?"

"அப்படியெல்லாம் இல்லையம்மா" என்று தேற்றினோம். "அப்ப ஏன் வரல?" என்றாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, இது எவர் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்ட சீடர்களின் நினைவே எங்களுக்கு வந்தது.

எண்ணிக்கை பொய்த்த கோயில்கள்

மாமல்லபுரத்தில் மகனுக்கு வேறொரு ஏமாற்றம். கடற்கரைக் கோயிலைச் சுற்றிச்சுற்றி வந்து, "மற்ற ஆறு எங்கே?" என்றான். பழைய நாளில் ஐரோப்பியக் கடலோடிகள் இவ்வூரை ஏழு பகோடா என்று அழைத்தனர். கடல் பல கோயில்களை விழுங்கிவிட்டது என்னும் ஊர் வழக்கைச் சேம்பர்சு என்ற ஆங்கிலேயர் கேட்டெழுதியது 1788-இல் அச்சாயிற்று. அன்று முதல் ஏழைத் தேடி வந்து ஒன்றைக் கண்டு திகைத்தவர் பலர்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மீண்டபின், மணலில் புதைந்திருந்த சில சிற்பங்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு தொல்லியல் துறையினர் அருகே அகழ்ந்து மற்றொரு கோயிலின் அடித்தளத்தைக் கண்டனர். ஆகவே அந்தப் பழங்கதை முற்றிலும் வெறுங்கதையன்று. எனினும் ஏழு என்ற கணக்கு இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. நாங்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்லி அழைத்துச் சென்றதால், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்றில் நின்றுகொண்டிருக்கும் கோயிலைப் பிள்ளை பார்க்கவே இல்லை. அதுவும் எங்கள் குறையே.

மகளுக்குச் சொன்ன விடை

வீடு திரும்பிய பின்னும் மகளின் கேள்வி எங்களை விடவில்லை. நூலகத்தில் தேடியும், அறிந்தோரைக் கேட்டும் செய்திகளைத் திரட்டினோம்.

திருக்கழுக்குன்றத்துப் பறவைகளை மக்கள் கழுகு என்று அழைத்தாலும், அவை பாறு இனத்தைச் சேர்ந்தவை. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அதனை மஞ்சள்முகப் பாறு என்பர். இறந்த கால்நடைகளை உண்டு ஊரைத் தூய்மையாக வைத்திருப்பதே பாறுகளின் பணி. 1990-ஆம் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் பாறுகள் மடியத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. மஞ்சள்முகப் பாறும் பெரிதும் குறைந்தது.

காரணம் 2004-ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. மாடுகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்க டைக்குளோபினாக் என்ற மருந்து தரப்பட்டு வந்தது. அம்மருந்து ஏற்றப்பட்ட மாடு விரைவில் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் பழுதுற்றுச் சில நாள்களில் அது மடிகிறது. இதனைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006-இல் தடைசெய்தது. அதே தீங்கு விளைக்கும் கீட்டோபுரோபேன், அசிக்குளோபினாக் ஆகியவையும் 2023-இல் தடைசெய்யப்பட்டன.

திருக்கழுக்குன்றத்து இணை இம்மருந்தால்தான் மறைந்தது என்று சாதிக்க நாங்கள் துணியவில்லை. ஆயினும் நாடெங்கும் பாறுகள் மடிந்த அதே ஆண்டுகளில்தான் அப்பாறையும் வெறுமையாயிற்று.

இவற்றையெல்லாம் மகளுக்கு எளிய சொற்களில் விளக்கினோம். தம்பியைக் கிள்ளியதற்கும் கழுகு வராததற்கும் தொடர்பில்லை என்றறிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே, "அப்ப மாட்டுக்கு மருந்து குடுத்தவங்கதான் பாவிங்களா?" என்றாள். "இல்லையம்மா, வலியால் துடித்த மாட்டின் மேல் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் பறவை சாகும் என்று அவர்களுக்குத் தெரியாது" என்றோம். சற்று எண்ணிவிட்டு அவள் சொன்னாள்: "இப்பத் தெரியுமில்ல?"

ஆம், இப்போது தெரியும். மாடு வளர்க்கும் வாசகர்களை நாம் வேண்டுவது இதுவே: மாட்டுக்கு ஊசி போடும்போது, அது பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீலகிரிச் சாரலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் சில பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. அவற்றையேனும் நம் பிள்ளைகளின் பிள்ளைகள் காண வேண்டும்.

தை மாதத்தில்

அந்தப் பெரியவர் சொன்னபடியே இவ்வாண்டு தை மாதத்தில் வேடந்தாங்கலுக்கு மீண்டும் சென்றோம். ஏரி நிறைந்திருந்தது. மரந்தோறும் கூழைக்கடாக்களும், நத்தைக்குத்தி நாரைகளும், நீர்க்காகங்களும் குஞ்சுகளுக்கு இரையூட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை இவ்வூர் உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். படைவீரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகள் தங்கும் பருவத்தில் இன்றும் அவர்கள் வெடி வெடிப்பதில்லை.

மகள் கரையில் நின்று எண்ணத் தொடங்கினாள். இருநூறு வரை எண்ணியவள், தம்பி குறுக்கே பேசியதால் கணக்கைத் தவறவிட்டாள். அவனைக் கிள்ளக் கையை ஓங்கி, பின்பு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.