அஞ்சறைப் பெட்டியில் ஆள் மாறாட்டம்!

மஞ்சளில் பெயிண்ட் சாயம். மிளகில் பப்பாளி விதை
கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை:

சளி பிடித்தால் மிளகு ரசம். வயிறு உப்பினால் பெருங்காயம். பல் வலித்தால் கிராம்பு.

டாக்டரிடம் போவதற்கு முன்பு வீட்டுக்கு வீடு நடக்கும் வைத்தியம் இது. செலவு அதிகம் இல்லை. மருந்து எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

ஆனால் பெட்டியில் இருப்பது மிளகுதானா? மஞ்சள்தானா?

அங்கேதான் ஆள் மாறாட்டம் நடக்கிறது!

பப்பாளி விதையைக் காயப் போட்டால் சுருங்கிக் கறுத்து, மிளகு மாதிரியே ஆகிவிடும். ஒரு மூட்டை மிளகில் ஒரு படி விதையைக் கலந்தால் யாருக்கும் தெரியாது. கலப்படப் பேர்வழிக்கு மிளகு விலை கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய குடும்பத்துக்கு காரமே இல்லாத ரசம்தான் மிச்சம்!

ஜோடி சேர்ந்தால் பலம்

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது "குர்க்குமின்" என்ற சத்து. 100 கிராம் மஞ்சளில் சுமார் 3 கிராம்தான் இது இருக்கும். தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் அவ்வளவாக ஒட்டாது.

மிளகில் இருக்கும் "பைப்பரின்" கூடச் சேர்ந்தால் கதையே வேறு!

1998-ல் பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினையும் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது.

பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பாட்டிமார்கள் சும்மா போடவில்லை.

அதற்காக இது சர்வரோக நிவாரணி அல்ல. ரசத்துக்கும் குழம்புக்கும் போடுகிற அளவு போதும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளை அள்ளி விழுங்குவது ஆபத்து.

மஞ்சளில் ஈயம்

இனிமேல்தான் பகீர் விஷயம்.

மங்கிப் போன மஞ்சளைப் பளபளப்பாக்க "லெட் குரோமேட்" சேர்க்கும் கும்பல்கள் உண்டு. அது பெயிண்டுக்குப் போடும் மஞ்சள் சாயம். அதில் இருப்பது ஈயம்!

ஈயம் உடம்பில் சேர்ந்தால் உடனே வாந்தி, மயக்கம் வராது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் கெடுதல்.

வங்கதேசத்தில் 2019-ல் மார்க்கெட் மஞ்சளைப் பிடித்துச் சோதித்தார்கள். 100-க்கு 47 மாதிரிகளில் ஈயம்! அரசாங்கம் மொத்த மார்க்கெட்டில் புகுந்து ரெய்டு நடத்தியது. வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. பத்திரிகைகளில் எச்சரிக்கை வந்தது.

2021-ல் மறுபடியும் சோதித்தபோது ஒரு மாதிரியில்கூட ஈயம் இல்லை.

பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தால் கலப்படம் நிற்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோ மஞ்சளில் 10 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது.

ஒரு தம்ளர் தண்ணீர் போதும்

தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போடுங்கள். கலக்காதீர்கள். நல்ல தூள் அடியில் தங்கும். தண்ணீர் இளம் மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுதும் திக்கான மஞ்சளாக மாறினால் சாயம் என்று சந்தேகப்படலாம்.

ஆனால் ஈயச் சாயம் தண்ணீரில் கரையாது. அதை லேபில்தான் உறுதி செய்ய முடியும். ஆகவே விரலி மஞ்சளாக வாங்கி, காயவைத்து, மில்லில் அரைப்பது நல்லது. விரலி மஞ்சள் என்றால் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் என்றால் உஷார்!

மிளகையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு மூழ்கும். பப்பாளி விதை மிதக்கும். சோடை மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதை எடுத்து உற்றுப் பாருங்கள். மிளகு உருண்டை. பப்பாளி விதை நீள உருண்டை.

மிளகு ரொம்பப் பளபளத்தாலும் யோசியுங்கள். 2012 கடைசியில் கொச்சி கிடங்குகளில் மினரல் ஆயில் தடவியதாக ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கையில் தேய்த்தால் எண்ணெய் ஒட்டக் கூடாது.

கடுகில் எமன்

கடுகைப் போலவே இருக்கும் இன்னொரு விதை பிரம்மதண்டு. ரோட்டோரத்திலும் தரிசிலும் முளைக்கும் முள் செடி. மஞ்சள் பூ பூக்கும். இதன் எண்ணெய் விஷம்.

1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இது கலந்துவிட்டது. சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. 60 பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

நசுக்கிப் பாருங்கள். கடுகு மேலே வழவழப்பு, உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை மேலே சொரசொரப்பு, உள்ளே வெள்ளை.

மிளகாய் தூளில் கலப்பது "சூடான்" சாயம். 2005-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய் தூளில் இது இருந்ததால், இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட உணவு வகைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். வற்றலாக வாங்கி அரைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. கிராம்பில் பல் வலியை மரத்துப் போகச் செய்யும் எண்ணெய், ஓமத்தில் நெடி அடிக்கும் "தைமால்" எல்லாம் காற்றில் பறக்கும் சரக்கு. பொடித்து மாதக் கணக்கில் வைத்தால் வாசனையும் போகும், குணமும் போகும்.

மாம்பழத்துக்குக் கல் வைத்தியம்

பழத்திலும் இதே கதைதான். காயை அவசரமாகப் பழுக்க வைக்க "கார்பைடு கல்" வைக்கிறார்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலின் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் பயன்படும் அதே வாயு! கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் விஷங்களும் ஒட்டியிருக்கும். இதற்குச் சட்டப்படி தடை.

மேலே ஒரே சீராக மஞ்சள், உள்ளே கட்டி, முகர்ந்தால் வாசனை இல்லை என்றால் வாங்காதீர்கள். "எத்திலின்" வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. காயே இயற்கையாக விடும் வாயு அது. காயை வீட்டு அரிசிப் பானையில் புதைத்து வைத்தாலும் அந்த வாயு வெளியே போகாமல் நின்று பழுக்க வைத்துவிடும்.

ஆப்பிள்தான் சத்து என்று கடன் வாங்கி வாங்க வேண்டாம். வைட்டமின் சி-யில் கொய்யாவும் நெல்லிக்காயும் ஆப்பிளைப் பல மடங்கு தூக்கி அடிக்கும். கீரைக் கூட்டை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் வீண்.

கடைக்காரர் கதி

"அண்ணாச்சி, போன மாசம் வாங்கின மிளகுல காரமே இல்லையே!"

"நானா அம்மா கலந்தேன்? மூட்டையில வந்ததைத்தானே நிறுத்துக் கொடுக்கிறேன்!"

பல மளிகைக் கடைகளில் கேட்கும் பேச்சு இது. கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பில் இல்லாமல் சரக்கு எடுத்தால் மாட்டிக் கொள்வது அவர்தான். மொத்த வியாபாரி எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்கி வைத்தால் குற்றவாளி யார் என்று காட்டலாம்.

பொதுமக்களுக்கும் ஒரு உரிமை உண்டு. 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி, வாங்கிய சாமானைக் கட்டணம் கட்டி யாரும் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போவதாகக் கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கலப்படம் என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

கெட்ட உணவைத் தின்று ஒருவர் இறந்தால், விற்றவருக்குக் குறைந்தது 7 வருட ஜெயில். ஆயுள் தண்டனைகூட கிடைக்கலாம். அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

அடுத்த மாதச் சாமான் லிஸ்டில் "மஞ்சள் தூள்", "மிளகு தூள்" என்று எழுதுவதை அடித்துவிட்டு, "விரலி மஞ்சள்", "மிளகு" என்று எழுதுங்கள்.

முழுசாக வாங்குங்கள். நசுக்கிப் பாருங்கள். மறக்காமல் பில் கேளுங்கள்!