உப்புக்காற்றில் ஏசி காயில்

ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி, "காப்பர்தானே?" விற்பவரும் "நூறு சதவீதம் காப்பர் சார்" என்பார். பொய்யில்லை, ஆனால் அவர் சொன்னது குழாயைப் பற்றி மட்டும். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் போய்க் காயிலைக் கிட்டத்தில் பாருங்கள். செம்புக் குழாய்கள் குறுக்கே ஓட, அவற்றின்மேல் நெருக்கமாகக் கோத்திருக்கும் மெல்லிய தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். மெக்கானிக்குகள் ஃபின் என்று சொல்வது இவற்றைத்தான். ஒரு ஃபின்னின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். குழாய்க்குள் ஓடும் கேஸின் சூட்டை வாங்கி வெளிக்காற்றில் விடுவது இவற்றின் வேலை. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கடலைப் பார்த்த பால்கனியில் வைத்த யூனிட்டில் பெரும்பாலும் முதலில் போவதும் இவைதான்.

செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. அதில் அலுமினியம் கரையும், செம்பு தப்பித்துக்கொள்ளும். கெடுதல் நடப்பது ஃபின் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும் வளையத்தில். சூடு கைமாறுவதும் அதே இடத்தில்தான். அந்த வளையம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிட்டால், தகடு பார்வைக்கு நிற்கும், வேலை செய்யாது. கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் திணறும், கரண்ட் பில் ஏறும், கத்திரி வெயில் மதியத்தில் யூனிட் டிரிப் ஆகும். "கேஸ் கம்மி" என்று சொல்லிக் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கேஸ் சரியாகவே இருந்திருக்கும்.

உப்பு எப்படி வருகிறது? அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கடற்காற்று தூக்கி வருகிறது. பெரிய துளிகள் கரைக்கு அருகிலேயே விழுந்துவிடுவதால் முதல் சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி அதிகம். அந்தக் காற்றை மின்விசிறி மணிக்கணக்கில் காயில் வழியாக இழுக்கும்போது உப்பு அங்கேயே தங்குகிறது. தங்கிய உப்பு காய்வதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு தானே நீர்விடும். மழைக்காலத்தில் அடுப்படிக் கல்லுப்பு ஜாடியில் நடப்பது இதுதான். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. சென்னைக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

மழை ஒரு நல்ல வேலைக்காரன், உப்பைக் கழுவிவிடும். ஆனால் நாம் அவுட்டோர் யூனிட்டைப் பத்திரமாக சன்ஷேடுக்கு அடியில் வைத்து, மழை படாமல் உப்புக்காற்று மட்டும் படும்படி ஏற்பாடு செய்துவிடுகிறோம். வெட்டவெளியில் நிற்கும் யூனிட்டைவிட இதில் உப்பு அதிகமாகச் சேரும். சென்னையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முந்தைய நீண்ட மாதங்களில் கழுவும் வேலை நம்முடையது. இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கட்டடமே கடற்காற்றை மறைக்கும் மேற்குப் பக்கம் நல்லது. வெயில் கொஞ்சம் கூடுதலாக விழும், பரவாயில்லை.

கழுவுவது கடினமல்ல. எம்சிபியை அணைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டால் போதும். முடிந்தால் மெக்கானிக்கை விட்டு மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளியே தண்ணீர் வரும்படிச் செய்யுங்கள். கடலோர வீட்டுக்கு மாதம் ஒருமுறை என்பது அதிகமில்லை. பிரஷர் வாஷர் வேண்டாம். ஃபின் மடங்கிக் காற்று அடைபடும். ஆசிட் கலந்த திரவமும் வேண்டாம், காஸ்டிக் சோடா கலந்ததும் வேண்டாம். அலுமினியம் இரண்டிலும் கரையும். இன்னொன்று, போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவில் அதே தண்ணீரை ஊற்றிக் கழுவினால் என்ன பயன்? மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ இரண்டு வாளி ஒதுக்குங்கள்.

அடுத்தது பூச்சு. நீல ஃபின், தங்க ஃபின் என்று விளம்பரத்தில் வருகிறதே, அதில் நிறம் வெறும் சாயம். காப்பது அடியில் இருக்கும் மெல்லிய பூச்சு. பொதுவாக அலுமினியத் தகட்டுச் சுருளுக்கு முதலில் பூச்சு கொடுத்து, பிறகுதான் துளையிட்டு வெட்டுகிறார்கள். ஆகவே வெட்டிய ஓரங்கள் வெறும் அலுமினியமாக நிற்கின்றன. குழாயைக் கவ்வும் வளையத்தின் விளிம்பும் அதில் அடக்கம். ஒன்றுமில்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். உண்மையான காப்பு, காயிலை முழுதாகக் கோத்து முடித்த பிறகு எபாக்சித் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்து, அடுப்பில் வாட்டி எடுக்கும் பூச்சு. மூலைமுடுக்கு எல்லாம் மூடப்படும். விலை கூடும், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஸ்பிரே அடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம் தேவை. ஸ்பிரே காயிலின் உள்வரிசைவரை போய்ச் சேர்வது அரிது. ஏற்கெனவே உப்பு படிந்த காயிலில் அடித்தால் உப்பையும் சேர்த்து மூடி வைத்ததாகும். அடிப்பதானால் புது யூனிட்டில், மாட்டுவதற்கு முன்பே. "இத்தனை ஆயிரம் மணி உப்புநீர்ச் சோதனையில் தேறியது" என்பதையும் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்க்காதீர்கள். 35 டிகிரியில், 5 சதவீத உப்புக் கரைசலை விடாமல் தெளித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனை அது. பூச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், ஆயுளைச் சொல்லாது.

கூவம், பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் கதை வேறு. தேங்கிய சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு தாக்குவது செம்பையே. குழாய் கறுத்து, நுண்துளை விழுந்து, கேஸ் நிஜமாகவே கசியும். அறைக்குள் வரும் காற்றிலும் அந்த வாயு இருப்பதால் உள்ளே மாட்டிய யூனிட்டின் காயிலும் தப்பாது. அங்கே நீல ஃபின் உதவாது, தண்ணீர் விட்டுக் கழுவுவதும் போதாது. குழாய் வளைவுகளையும் பற்றவைத்த இணைப்புகளையும் சேர்த்து மூடிய பூச்சு இரண்டு யூனிட்டுக்கும் உண்டா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி அட்டையில் அரிமானத்துக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.