போர்டோ கலவை பதமா? கத்தியால் சோதிக்கலாம்

போர்டோ கலவை தெளித்த சில நாட்களில் இலை ஓரம் கருகினால், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி மறுபடியும் அதையே தெளிக்கும் விவசாயிகள் உண்டு. கோளாறு கலவையிலேயே இருக்கக்கூடும். மயில்துத்தத்தின் அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு முழுவதும் முறிக்காவிட்டால், மிஞ்சிய தாமிரம் இலையைச் சுட்டுவிடும்.

1885-ல் பிரான்சு நாட்டின் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே இக்கலவையை வெளியிட்டார். வழிப்போக்கர் பறிக்காமலிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காததை அவர் கவனித்தார். திருட்டுக்குப் பயந்து செய்த காரியம் மருந்தாயிற்று!

ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்புக்கல் 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பத்து லிட்டர் போதுமென்றால் இரண்டிலும் 100 கிராம். மயில்துத்தத்தைப் பொடித்துப் பாதித் தண்ணீரில் கரைக்கவும். சுண்ணாம்பை நீற்றி, மறு பாதியில் கரைத்து, ஆறவிட்டு வடிகட்டவும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி எதுவும் ஆகும். இரும்பு, தகர வாளிகள் கூடவே கூடாது. தாமிரம் அவற்றின் மேல் படிந்து வீணாகும்.

இந்தக் குணமே சோதனைக்கும் உதவுகிறது. துருவில்லாமல் தீட்டிய கத்தியையோ அரிவாளையோ கலவையில் ஓரிரு நிமிடம் வைத்து எடுக்கவும். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது. சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அலகைத் துடைத்து மறுபடி முக்கிப் பார்க்கவும். நிறம் ஏறாத வரையில் சேர்க்க வேண்டும். நீல லிட்மஸ் தாள் சிவந்தாலும் இதே பொருள்தான்.

எடை சரியாக இருந்தும் கத்தி சிவக்கிறதா? சுண்ணாம்பைச் சந்தேகிக்கலாம். நாட்பட்டுக் காற்றில் தானே உதிர்ந்த சுண்ணாம்புக்கு முறிக்கும் சக்தி குறைவு. கடையில் நீற்றிய தூளாக வாங்கினால், ஒரு கிலோவுக்குப் பதில் ஏறக்குறைய 1,300 கிராம் தேவை.

ஒன்றை மறக்கலாகாது. கத்தி காட்டுவது தாமிரம் மிஞ்சியதா என்பதை மட்டுமே. நூறு லிட்டருக்குப் பதில் இருநூறு லிட்டர் ஊற்றியிருந்தாலும் அலகு சுத்தமாகவே இருக்கும். ஆனால் கலவை அரை சதம்தான். காப்பித் துரு நோய்க்கு அரை சதம் போதும். தென்னைக் குருத்தழுகலுக்கு அழுகலைச் செதுக்கிய பிறகு பூசும் பசையோ பத்து சதம். ஆகவே தராசும் அளவுப் படியும் இல்லாமல் கைமதிப்பில் கலக்கக் கூடாது.

துத்தம் பளிச்சென்ற நீல நிறமாக இருக்க வேண்டும். பச்சை கலந்திருந்தால் இரும்புத் துத்தம் சேர்ந்திருக்கலாம். சரியான கலவை வானநீலமாக, கூழ் போன்று மெதுவாகப் படியும். சூட்டோடு கலந்தால் குருணையாகிச் சீக்கிரம் அடியில் தங்கிவிடும். தெளிப்பானின் முனையும் அடைக்கும்.

கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் இலையில் ஒட்டாது. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை மீனுள்ள குட்டையில் கொட்டலாகாது. தாமிரம் மீனுக்கு நஞ்சு.