மடங்களின் கணக்கேடு

பொருளியல் கற்பித்தவனுக்குக் கோயிலைக் கண்டாலும் கணக்கேடுதான் நினைவுக்கு வரும். மூவொரு கடவுளின் பெயரால் பல நாடுகளில் எழுந்த கிறிஸ்தவத் துறவு மடங்களைப் பற்றி வாசிக்கும்போதும், அங்கிருந்தோருக்கு உணவு எங்கிருந்து வந்தது என்றே கேட்கத் தோன்றுகிறது.

மாஸ்கோவுக்கு வடகிழக்கே, இன்று செர்கீவ் போசாத் எனப்படும் இடத்தில், 14-ஆம் நூற்றாண்டில் செர்கியஸ் என்ற துறவி தம் சகோதரருடன் காட்டினுள் சிறு மரக்கோயில் ஒன்றைக் கட்டித் திரித்துவத்துக்கு அர்ப்பணித்தார். பசியால் வாடிய வேளையில் சக துறவி ஒருவருக்குத் தச்சு வேலை செய்து, பூசணம் பிடித்த ரொட்டியை அவர் கூலியாகப் பெற்றார் என்கிறது அவரது வாழ்க்கை வரலாறு. வேலை முடியும்வரை அதைத் தொடவும் மறுத்தாராம்.

1392-இல் அவர் மறைந்தார். பின்னர் நிலக்கொடைகள் குவிந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மடத்தின் நிலங்களில் கட்டுண்டிருந்த குடியானவர்களில் ஆண்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் அதிகம். கூலிக்கு உழைத்தவரின் பெயரால் இத்தனை கூலியில்லா உழைப்பு! 1764-இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் மடங்களின் நிலங்களை அரசுடைமையாக்கினார். அவற்றை நிர்வகித்த துறையின் பெயரை ஒட்டி அம்மக்கள் 'பொருளாதாரக் குடியானவர்கள்' என்றே அழைக்கப்பட்டனர். என் துறையின் பெயர் இப்படியும் பயன்பட்டதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். மடத்துக்கு மிஞ்சியது அரசு மானியம். அதைத் தருபவர் மாறினால் என்ன நேரும் என்பதைச் சோவியத் அரசு 1920-இல் மடத்தை மூடிக் காட்டியது. 1946-இல்தான் வழிபாடு திரும்பியது.

கிரேக்கத்தின் மெட்டியோராவில் செங்குத்துப் பாறை உச்சியில் உள்ள திரித்துவ மடத்துக்கு ஒருகாலத்தில் கயிறும் வலையுமே வழி. 1925-இல் பாறையில் படிகள் வெட்டப்பட்டன. இப்போது பயணிகளின் நுழைவுக்கட்டணமும் அவ்வழியே ஏறி வருகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில்லில் 1947-இல் தொடங்கிய திரித்துவ மடம். டிராப்பிஸ்ட் துறவியர் வளைந்த தகரக் கொட்டகைகளில் வாழ்ந்து, பயிரிட்டு, மாடு வளர்த்து, தேன் விற்றுப் பிழைத்தனர். அடிமையும் இல்லை, மானியமும் இல்லை. அவர்களது நிலத்தை எந்த அரசும் பறிக்கவில்லை. ஆயினும் முதியோர் மறைய, இளையோர் வரவில்லை. எந்த வரவு செலவுக் கணக்கிலும் காட்ட முடியாத பற்றாக்குறை அது. 2017-இல் மடம் மூடப்பட்டது. எஞ்சிய முதியவர்கள் சால்ட் லேக் நகருக்குக் குடிபெயர்ந்தனர். நிலத்தை விற்றபோது, அது வீட்டுமனைகளாகாமல் விளைநிலமாகவே நீடிக்க வேண்டும் என்று விரும்பினர்.