வேலணையிலிருந்து தில்லைக்கு நான்கு இரவுகள்

தீவகத்து மக்களுக்குச் சிதம்பரம் என்பது அயல்நாட்டு ஊராக ஒருகாலத்தும் தோன்றியதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து நேர் வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர் கடலைக் கடந்தால் கோடிக்கரை. காற்று வாய்ப்பாக இருந்தால் தோணி மறுகரை சேரும். இல்லாவிடிற் காத்திருக்க வேண்டும். அவ்வளவே வேறுபாடு. வேலணை, சரவணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆகிய ஊர்களில் வாழ்ந்த முன்னோர், கட்டுச்சோறும் மாற்றுத்துணியுமாகப் புறப்பட்டு, வேதாரணியத்திலோ நாகபட்டினத்திலோ இறங்கி, கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் தில்லை சென்று, மாதக்கணக்கில் அங்கே தங்கித் திரும்புவர். சிதம்பரத்து வீதிகளிலே யாழ்ப்பாணத்தார் மடங்கள் எழுந்ததும், யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகள் பலவற்றின் வருவாய் சிதம்பரத் தருமத்துக்கென்று எழுதிவைக்கப்பட்டதும் அந்தப் போக்குவரத்தின் பயனே.

அவ்வழி மிகப் பழையது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிற நாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது கூறுகிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி. யானையிலும் குதிரையிலும் மன்னனுக்கு எவ்வளவு ஆசை என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது! அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அதே பராக்கிரமபாகு அதே ஊராத்துறையில் மரக்கலமும் படையும் திரட்டிய செய்தியை, கடலுக்கு அப்பால் திருவாலங்காட்டிலுள்ள இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டு பகைவனின் வாயால் உரைக்கின்றது. ஒரே துறை; ஒரு கரையில் வரவேற்பு, மறுகரையில் அச்சம்.

பின்னாளில் நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்தன. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பரில் எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் போர்ச் சூழலால் நின்றது. அதற்குப் பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள், கண்ணுக்கெட்டும் தூரத்திலிருக்கும் கரைக்குச் செல்ல நாம் கொழும்புக்கு ஒருநாள் பயணம் செய்து விமானம் ஏற வேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் வந்தது. இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. சில நாளில் மழைக்காலம் குறுக்கிட்டது. 2024 ஆகஸ்டு 16 முதல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. தில்லைக் கோயிலின் திருக்குளத்துக்கும் அதுவே பெயர் என்பதை எம்முடன் வந்த மூதாட்டி கேட்டறிந்து, வேறெந்தச் சகுனமும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

எம் குழுவில் எழுவர் இருந்தோம். அம்மூதாட்டி எங்களுக்குப் பெரியம்மா முறையானவர். 80 வயதை நெருங்கியவர். 1990ஆம் ஆண்டு தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டைப் பூட்டிய திறப்புடன் வேலணையை விட்டுப் புறப்பட்டவர். உயிரோடு ஊர் திரும்பினால் தில்லைக் கூத்தனுக்கு நெய்விளக்கேற்றுவதாக அன்று வைத்த நேர்த்தி இன்னும் தீராமலிருந்தது. ஊருக்குத் திரும்பினார், வீடு கூரையின்றி நின்றது, அதைச் சீராக்கினார், கணவர் காலமானார், பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். நேர்த்தி மட்டும் நின்றது. மற்ற அறுவரில் இருவர் பல்கலைக்கழக மாணவர். தஞ்சைப் பெரிய கோயிலைப் பாராமல் திரும்புவதில்லை என்பது அவர்கள் உறுதி.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் எமக்கு எழுதித் தந்த திட்டம் வியப்புக்குரியது. மூன்று பகலில் 11 கோயில்கள்! சிதம்பரம் கடைசி நாள் முற்பகல் 11.30 முதல் 12 மணி வரை என்று குறிக்கப்பட்டிருந்தது. சோழநாட்டுக் கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலை நான்கு மணியளவிலேயே திறப்பன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பாதையில் ஒரு வண்டி மறித்தாலும் பெரியம்மாவின் 30 ஆண்டுக்கு மேற்பட்ட நேர்த்தி பூட்டிய கதவின் முன் நின்றுவிடும். வேலணையில் புறப்படுமுன்னரே அத்தாளை மடித்து வைத்துவிட்டு வேறு கணக்குப் போட்டோம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோள்களின் தலங்கள் முழுவதும் நீங்கின. நான்கு இரவு; ஆறு கோயில்; தில்லையில் ஒரு மாலையும் ஒரு காலையும்.

மாசி மாதத்துக் கடல் அமைதியாயிருந்தது. பிற்பகலில் காங்கேசன்துறையில் ஏறியவர்கள் மாலையில் நாகையில் இறங்கிவிட்டோம். ஏறக்குறைய 110 கிலோமீற்றர். நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம். கடவுச்சீட்டும் விசாவும் பார்ப்பதற்குச் சென்ற பொழுதையும் சேர்த்தாற்கூட, வேலணையிலிருந்து கொழும்பு சேரும் நேரம் ஆகவில்லை.

நாகைக் காரோணம் கடற்கரை மக்களுக்கு உரிய கோயில். காயாரோகணரையும் நீலாயதாட்சியையும் வணங்கியபின், அதிபத்த நாயனாரின் வரலாற்றை இளைஞருக்குச் சொன்னோம். நுளைப்பாடியிலே வாழ்ந்த மீனவர் அவர். நாள்தோறும் வலையில் விழும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவிடுவார். மீன் அருகி ஒன்றே விழுந்த நாள்களிலும் அதனை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். பின் ஒருநாள் விழுந்த ஒரே மீன் பொன் மீனாயிருந்தபோதும் அதையும் விட்டார். அறுபத்துமூவருள் வலை வீசிய கையுடையவர் ஒருவர் இருப்பது தீவார்க்குத் தனிப் பெருமையன்றோ!

நாகையைப் பற்றி மாணவர்க்கு இன்னொரு செய்தி. இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை அமைத்தான். சைவனாகிய சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் ஒல்லாந்தர் கையிற் பட்டு லைடன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் ‘லைடன் செப்பேடுகள்’ என்றே வழங்கலாயின. அதே ஒல்லாந்தர் எம் வேலணைத் தீவுக்கு இட்ட பெயரும் லைடன்! காரைதீவை ஆம்ஸ்ரடாம் என்றும் நெடுந்தீவை டெல்ஃப்ற் என்றும் அழைத்தார்களே, அந்த வரிசையில் வந்த பெயர் அது.

மறுநாள் விடியலில் சிக்கல். நாகையிலிருந்து மிக அருகில் உள்ளது. சூரனை வெல்ல முருகன் அன்னையிடம் வேல் வாங்கிய தலம். எறிந்த வேல் வந்து அணைந்தமையால் வேலணை என்று எம்மூர்ப் பெரியோர் பெயர்க்காரணம் சொல்வதுண்டு. வேல் புறப்பட்ட இடத்தில் நின்று, அது வந்து சேர்ந்த இடத்தைப் பெரியம்மா அங்கிருந்த அர்ச்சகருக்கு விளக்கியது காணத்தக்க காட்சி. திருவாரூரில் தியாகேசர் சன்னிதியையும் கமலாலயத்தையும் கண்டோம். கோயிலுக்கு ஈடான பரப்பில் ஒரு குளம்! நன்னீர்க் கிணற்றைக் காவல் வைத்துக் காக்கும் தீவாருக்கு அதைக் கண்டவுடன் கோபுரம் மறந்துபோகும். படியில் அரைமணி நேரம் இருந்தோம்.

மாலையில் தஞ்சை. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இராசராசேச்சரத்தின் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பதைப் படத்தில் பலர் கண்டிருப்பர். எம் மாணவர் தேடியது மதிலையும் அடித்தளத்தையும் சுற்றியுள்ள எழுத்துக்களை. இக்கோயிலுக்கு நெல்லும் காசும் அளிக்குமாறு இராசராசன் விதித்த ஊர்களுள் ஈழமண்டலத்து ஊர்களும் உண்டு என்பதை இக்கோயிற் கல்வெட்டே கூறும். வென்ற நாட்டு உழவன் விளைத்த நெல்லும் கடல் கடந்து இந்தக் கற்களுக்குள் கலந்திருக்கின்றது. பெருமைப்படுவதா வருந்துவதா என்று மாணவர் இருவரும் இரவு உணவு வரை வாதாடினர். எமக்கு இரண்டும் சரியெனவே பட்டது.

தமிழ்நாட்டுக் கோயில் வழக்கங்கள் சில எம்மவர்க்குப் புதியன. யாழ்ப்பாணத்தில் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே செல்வர். அங்கே பெரும்பாலான கோயில்களில் சட்டையுடன் நிற்கிறார்கள். வேட்டியும் சால்வையுமாக நின்ற எம்மைக் கண்டு, “இலங்கையா?” என்று பலர் வினவினர். சிறப்புத் தரிசனத்துக்கென்று கட்டணச் சீட்டு விற்பது எம் ஊர்க் கோயில்களில் இல்லாத வழக்கம். கடவுளின் முன்னிலையில் காசு கொடுத்தவன் முன்னும் கொடாதவன் பின்னும் நிற்பது எமக்குப் பிடிக்கவில்லை. ஆயினும், எம் சிறு கோயில்களுக்கு வருவோர் தொகையை வைத்து அப்பெருங் கோயில்களின் நெருக்கத்தை அளப்பதும் நியாயமாகாது.

மூன்றாம் நாள் பிற்பகல் தில்லை சேர்ந்தோம். நாற்றிசைக் கோபுரங்களின் உள்வாயிலில் 108 கரணங்களைக் காட்டும் ஆடற் சிற்பங்களையும், சிவகங்கைத் திருக்குளத்தையும், ஆயிரக்கால் மண்டபத்தையும் இளைஞர் சுற்றிப் பார்க்க, பெரியம்மா பொன்னம்பலத்துக்கு எதிரே ஒரு தூணோடு இருந்தார். புடைவைத் தலைப்பின் முடிச்சிலிருந்த காணிக்கையை எடுத்துத் தீட்சிதரிடம் கொடுத்து, விளக்குக்கென்று சொன்னார். மாலைப் பூசையின் மணி ஒலித்தது. திரை விலகியது. இரண்டு மணி நேரம் அவர் எழவில்லை. “கால் மரத்துப்போகும், எழும்புங்கோ பெரியம்மா” என்றதற்கு, “முப்பது வருசத்துக்கு மேலை காத்திருந்தனான் தம்பி. அவர் கொஞ்சம் என்னைப் பார்க்கட்டும்” என்றார்.

மறுநாட் காலை அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தம் பாட்டனார் தோணியில் வந்து தங்கிய மடத்தைக் காண வேண்டும். பெயர் அவருக்கு நினைவில்லை. திண்ணை பெரிது, முற்றத்தில் கிணறு உண்டு என்பது மட்டும் தாயார் சொல்லக் கேட்டது. தேர்வீதிகளிலும் குறுக்குத் தெருக்களிலும் தேடினோம். நாவலர் பெருமான் 1864இல் இந்நகரிலே நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையைப் பற்றியும், போர்த்துக்கேயர் காலத்தில் பசுவைக் கொடுக்க மனமின்றி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை விட்டு வந்த ஞானப்பிரகாசர் தோண்டிய குளத்தைப் பற்றியும் கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாட்டனார் தங்கிய திண்ணையைச் சொல்ல ஒருவருமில்லை. ஓரிடத்தில் பழைய வீடொன்றின் திண்ணையைக் கண்டு, இதுவாகவும் இருக்கலாம் என்று சிறிது நேரம் அதன்மேல் இருந்தார். வீட்டுக்கார அம்மையார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் திருக்கடவூர். எம்முடன் வந்த தம்பதியர் ஒருவருக்கு அறுபது நிறைந்திருந்தமையால் அங்கே அருச்சனை செய்தோம். மணிவிழாக் கூட்டம் மிகுந்திருந்தது. ஒரே மண்டபத்தில் பல தம்பதியர்க்குக் கலச நீராட்டு நடந்தது. இரவு நாகையில் தங்கி, காலையில் கப்பலேறினோம்.

இவ்வழி செல்ல விரும்பும் குடும்பங்கள் நாளைத் தெரிந்துகொள்வதிற் கவனம் வைத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல் நிறுத்தப்படுவது வழக்கம். 2024 நவம்பரில் நின்ற சேவை 2025 பெப்ரவரியிலேயே மீண்டது. மார்கழித் திருவாதிரை அந்த இடைவெளியில் வீழ்வதால், ஆருத்திரா தரிசனத்துக்குக் கடல்வழியை நம்புதல் கூடாது. பலாலி விமானமே துணை. ஆனி உத்தரத் திருமஞ்சனத்துக்குக் கடல் இடந்தரும். ஆனால் ஆனிப் பூரணையோடு நிறைவுறும் நயினை நாகபூசணி அம்மன் பெருந்திருவிழாவும் அதே நாள்களில்தான். தீவகத்தார் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் குறிகட்டுவான் துறைக்கு வந்து குவியும் காலம் அது.

கப்பல் காங்கேசன்துறையை நெருங்கும்போது மாணவருள் ஒருவர், அடுத்த ஆனித் திருமஞ்சனத்துக்கும் தில்லை வரலாமா என்று பெரியம்மாவைக் கேட்டார்.

“ஆனியிலையோ? நயினை அம்மாளின்ரை தேர் எப்ப எண்டு உனக்குத் தெரியாதே? நீங்கள் போட்டு வாங்கோ. நான் அங்கை அன்னதானத்துக்குக் காய் வெட்டவேணும்.”