புகைபோக்கி தின்னும் வெப்பம்

அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின், குளிர் காயும் கணப்பைப் பற்றியும் கவலை கொண்டவர் என்பதை நேயர்களில் சிலரே அறிந்திருக்கக்கூடும். சுவரில் அமைந்த செங்கற் கணப்பில் விறகு எரிந்தால், வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுலகம் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, அறையிலுள்ள சூடான காற்றையும் உடன் அழைத்துச் செல்லும். இதற்குப் பரிகாரமாக அவர் இரும்புக் கணப்பு ஒன்றை அமைத்து, 1744-ல் அதை விளக்கிச் சிறு நூலும் வெளியிட்டார். பென்ஸில்வேனியா கவர்னர் தனியுரிமை வழங்க முன்வந்தபோது, வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

இன்று அந்நாட்டார் பழைய கணப்புக்குள் கண்ணாடிக் கதவுள்ள இரும்புப் பெட்டியொன்றைப் பொருத்தி விறகு எரிக்கின்றனர். பெட்டியை வைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால் பெட்டியின் முதுகும் தலையும் வெளியிடும் வெப்பம் செங்கல்லுக்கும் புகைபோக்கிக்குமே போய்ச் சேருகிறது. அக்கணப்பு வெளிச் சுவரில் அமைந்திருந்தாலோ, தோட்டத்துப் பனிக்கு நாம் விறகு வாங்கிப் போட்ட கதைதான்!

புகைபோக்கியின் கழுத்தில், புகைக் குழாய்க்கு மட்டும் துளை விட்டு, தகடொன்றை வெட்டிப் பொருத்தவேண்டும். ஓரங்களை உலைச் சூடு தாங்கும் சிமெண்டினால் அடைத்து, தகட்டின் மேல் பாறைக் கம்பளியைத் திணிக்கவேண்டும். கூரைக்கு இடும் காகிதம் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சு மலிவாயிற்றே என்று அதை எடுத்தல் ஆகாது, காகிதம் தீப்பற்றும். புகைக் குழாய்க்கும் வெப்பங் காக்கும் போர்வை அவசியம். குழாய் குளிர்ந்தால் புகை கிரியோசோட் என்னும் தாராகப் படியும்; அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே 1000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட நெருப்பு எழக்கூடும்.

வீட்டை முற்றும் அடைத்துவிடுவதிலும் ஆபத்துண்டு. சமையலறை விசிறி காற்றை வெளியே தள்ள, கணப்பின் புகை அறைக்குள் திரும்பலாம். நிறமும் மணமுமற்ற கார்பன் மானாக்ஸைடு உறங்குவோரை எழுப்புவதில்லை; எழுப்பும் மணிக்கருவி படுக்கையறையருகே இருக்கவேண்டும்.

கதவின் விளிம்பிலுள்ள கண்ணாடி நார்க் கயிறு தளர்ந்தால், காற்று புகுந்து நெருப்பு கட்டுமீறும். இதற்குச் சோதனை எளிது. கணப்பு ஆறியிருக்கும்போது டாலர் நோட்டொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்க்கிறார்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் புதுக் கயிறு வேண்டும். நூறு டாலர் நோட்டில் பிராங்க்ளினின் முகமே இருக்கிறது. ஆனால் சோதனைக்கு ஒரு டாலரே போதும்.